மீட்டரில் 38: ராத்திரி சர்க்கரை லோ ஆன (அளவுக்கு மேல் இறங்கிய) அனுபவங்கள்

நடுநிசி:
அப்பா ஒன்பது வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார். தொப்புளுக்கு இடது பக்கம், எப்போதும் அதே இடம். அங்கே வலிக்காதாம். வலிக்காததற்குக் காரணம் உள்ளே கொழுப்பு கட்டியாகத் திரண்டிருப்பதுதான் என்று செவிலியர் தடவிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. "இனி வலது பக்கம் போடுங்க" என்றார். மாற்றினோம். சாப்பாட்டுக்கு முன்னால் அதே 26 யூனிட் மிக்ஸ்டு (வேகமாகவும் மெதுவாகவும் வேலை செய்யும் இன்சுலின் கலந்தது). அளவைக் குறைக்கணுமா என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ராத்திரி இரண்டு மணி. படுக்கை விரிப்பு ஈரம். தண்ணீரைக் கொட்டிவிட்டார் என்று நினைத்தேன். அத்தனையும் வியர்வை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "டிக்கெட் வாங்கிட்டீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். அப்பா ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மீட்டரில் 38. நல்லவேளை, விழுங்க முடிந்தது. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 61. இன்னொரு தடவை கொடுத்ததும் 94. காலையில் அவருக்கு எதுவும் நினைவில்லை.

ஊசிமுனை:
எனக்கு டைப் 1, உடம்பில் இன்சுலின் அநேகமாகச் சுரக்கவே சுரக்காத சர்க்கரை நோய். முட்டாள்தனம் முழுக்க என்னுடையது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பிட்ட பிறகு 290. கரெக்‌ஷனுக்கு, அதாவது ஏறிய சர்க்கரையை இறக்க, 6 யூனிட் போட்டேன். நாற்பது நிமிடம் கழித்து 284. கடுப்பில் இன்னும் ஒரு 6. முதல் ஊசி உச்சத்துக்கே வந்திருக்காது! வேகமாக வேலை செய்யும் மருந்துகூட உடம்பில் நாலு மணி நேரம் இருக்கும் என்பது தெரிந்தவன்தான்.

அப்புறம் நடுக்கம். சமையலறைத் தரையில் உட்கார்ந்து டப்பாவிலிருந்து சர்க்கரையைக் கையாலேயே அள்ளித் தின்றேன். அதே விரலில் குத்திப் பார்த்தேன், 212. நடுக்கம் நிற்கவில்லை, மீட்டரோ 212 என்கிறது. மறுபடி ஊசியை எடுத்துவிட்டேன், தெரியுமா? விரல் பிசுபிசுத்ததும்தான் உறைத்தது. கழுவித் துடைத்துவிட்டுப் பார்த்தால் 47.

பழைய_கை:
நடுநிசி, செவிலியர் மேல் பழி போடுவது சரியில்லை. இடத்தை மாற்றச் சொன்னது சரிதான். கட்டிக்குள் போட்ட மருந்து ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. நல்ல இடத்தில் போட்டால் முழுசாக ஏறும். அதனால்தான் இடம் மாற்றும்போது டாக்டரிடம் அளவையும் கேட்க வேண்டும். என் அனுபவம் சின்னதுதான். மனைவிக்கு 52 இருந்தபோது சாக்லேட் கொடுத்தேன், அரை மணி நேரமாகியும் ஏறவில்லை. கொழுப்பு இருந்தால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும்.

எல்லோருக்கும் சொல்கிறேன். 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் பொறுத்து மறுபடி பரிசோதனை. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி இருந்தால் போடுங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பீட்டா பிளாக்கர் (பிரஷர், இதய நோய்க்கான மாத்திரை) சாப்பிடுபவருக்குப் படபடப்பு, நடுக்கம் தெரியாமல் போகலாம், வியர்வையைக் கவனியுங்கள். கலங்கலான இன்சுலினை உள்ளங்கையில் உருட்டாமல் போடக் கூடாது. இன்சுலின் பேனாவில் முதலில் 2 யூனிட் வெளியே விட்டுப் பாருங்கள், அழுத்திய பிறகு பத்து வரை எண்ணுங்கள். உறைந்துபோன மருந்து உருகினாலும் தூக்கித்தான் போட வேண்டும்.

ஊசிமுனை:
பேனாவைப் பற்றி இங்கே யார் கேட்டார்கள் ஐயா?

நடுநிசி:
பழி போடவில்லை. நாங்களும் கேட்கவில்லை என்றுதானே எழுதினேன்? இப்போது டாக்டர் 20 ஆக்கியிருக்கிறார், அதிகாலையில் 110, 120 என்று நிற்கிறது. அப்பாதான் தினமும் சட்டையைத் தூக்கிக்கொண்டு, "அந்தப் பக்கமே போடேன், அங்கதான் வலிக்காது" என்கிறார்.