குளியலறைச் சுவரில் உப்பு பூக்கிறது: குழாய்க் கசிவா, கடல் காற்றா?

கேள்வி (கொட்டிவாக்கம், சென்னை)

வணக்கம். எங்கள் வீடு 1994-இல் கட்டியது. கடற்கரையிலிருந்து நான்கு தெரு தள்ளி இருக்கிறது. குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி, பூச்சு பொரிந்து, வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. காலையில் குழாயைத் திறந்தால் முதல் அரை வாளித் தண்ணீர் செம்மண் கரைத்தது போல வருகிறது. கடல் காற்றின் ஈரம்தான், பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார் பெயின்டர். பிளம்பரோ சுவர் முழுவதையும் உடைக்கச் சொல்கிறார். அந்த அறையில் படுப்பவர் என் மாமியார், மூச்சிரைப்பு உள்ளவர். ஐப்பசி மழைக்குள் முடித்தாக வேண்டும். யார் சொல்வதைக் கேட்பது?

பதில் (நாகப்பட்டினம்)

அம்மா, உடைக்கும் முன் சோதித்துவிடுங்கள். ஈரம் உள்ள இடத்தில் ஒரு அடி சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் மேற்பக்கம் வியர்த்தால் காற்றின் ஈரம். சுவரை ஒட்டிய பக்கம் நனைந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

இரவில் எல்லோரும் படுத்த பிறகு, மோட்டாரை நிறுத்திவிட்டு, மாடித் தொட்டியில் காய்ந்த குச்சியை விட்டு மட்டத்தைக் குறியுங்கள். காலையில் யாரும் குழாயைத் தொடுவதற்கு முன் மறுபடி பாருங்கள். தொட்டியின் விட்டம் 110 சென்டிமீட்டர் என்றால், ஒரு சென்டிமீட்டர் இறக்கம் ஏறத்தாழ 9.5 லிட்டர். கழிவறை ஃபிளஷ் தொட்டியிலும் சில துளி சொட்டு நீலம் விடுங்கள். ஃபிளஷ் செய்யாமலே கோப்பையில் நீலம் இறங்கினால் கசிவு அங்கேயும் இருக்கிறது.

கேட்டவர்

தாளின் உட்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தொட்டி ஒரே இரவில் 6 சென்டிமீட்டர் இறங்கியது. மறுநாள் இரவு குளியலறைக்குப் போகும் கேட் வால்வை மட்டும் மூடினோம், மட்டம் அசையவில்லை. நீலமும் இறங்கவில்லை.

பதில் (தூத்துக்குடி, 30 ஆண்டுகளாக பிளம்பர்)

அப்படியென்றால் குளியலறை லைன்தான். பழைய வீடு, செந்நிறத் தண்ணீர் என்பதால் உள்ளே ஜி.ஐ. குழாய்தான், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்தான் ஓட வேண்டும். துத்தநாகப் பூச்சு கரைந்த பிறகு உப்புத் தண்ணீர் இரும்பை அரிக்கிறது. தண்ணீர் திறக்கும் பித்தளை டேப், இரும்பு எல்போவில் (குழாய் திரும்பும் முழங்கை இணைப்பில்) சேரும் இடத்தில் இரும்பு இன்னும் வேகமாக அரிபடும். முதலில் அந்த இடத்து டைல்ஸ் ஒன்றை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

எல்போவை மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். மீதிக் குழாய்க்கும் அதே வயதுதான். பழைய லைனை அடைத்து அப்படியே சுவருக்குள் விட்டுவிட்டு, வெளிச்சுவர் வழியாகப் புதிய சி.பி.வி.சி. (சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாய் கொண்டு வாருங்கள். வெயில் படும் இடத்தில் தண்ணீரில் கலக்கும் வெள்ளை பெயின்ட் அடிக்க வேண்டும். எண்ணெய் பெயின்ட் ஆகாது. இரும்பு கிளாம்ப் சீக்கிரம் துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் போதும். திருகு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 316 ரகம் கேளுங்கள். கடலோரத்தில் வழக்கமான 304 ரகம் கூடக் கறை பிடிக்கிறது. கீசருக்குப் போகும் கம்பி பின்னிய ஹோஸையும் பாருங்கள். ஓரிரு இழை அறுந்திருந்தாலே மாற்றிவிடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். பழைய வீடுகள் சிலவற்றில் மின்சார எர்த்தை இரும்புக் குழாயில் கட்டியிருப்பார்கள். பிளாஸ்டிக் குழாய் வந்தால் அந்த எர்த் போய்விடும். எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகுதான் கீசரைப் போட வேண்டும்.

கேட்டவர்

ஐயா சொன்ன இடத்தில்தான் கசிவு. எல்போவில் ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டை. எர்த் கம்பியும் குழாயில்தான் இருந்தது, தனியாகக் குழி தோண்டி மாற்றிவிட்டோம். புது லைன் ஓடுகிறது. சுவருக்கு எப்போது பெயின்ட் அடிக்கலாம்?

பதில் (தூத்துக்குடி)

உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், திரும்பச் சுவருக்குள் இறங்கிவிடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். தூசி பறக்கும், மாமியாரை அன்று வேறு அறையில் படுக்க வையுங்கள். பொரிந்த பூச்சைக் கொத்திவிட்டு மின்விசிறி ஓடட்டும். மழைக்காலத்தில் சுவர் காயாது. பெயின்ட் தை மாதம் அடிக்கலாம். அதற்கு முன் பிளாஸ்டிக் தாளை இன்னொரு முறை ஒட்டிப் பாருங்கள்.