மின்சாரக் காரா, பெட்ரோல் காரா? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

ஈரோட்டுக்காரன்
பெட்ரோல் ஸ்விஃப்ட் ஓட்டுகிறேன், மாற்றும் நேரம் வந்துவிட்டது. வீட்டில் மின்சாரக் கார் என்கிறார்கள். மச்சினன், "நடுரோட்டுல நிக்கப் போறீங்க மாமா" என்கிறான். ஷோரூமில் சொல்வதெல்லாம் கேட்டாகிவிட்டது. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

கோவை போர்ட்டிகோ
என்னிடம் இருப்பது 30.2 கிலோவாட் அவர் (அதாவது 30.2 யூனிட் பிடிக்கும்) பேட்டரி போட்ட டாடாவின் பழைய மின்சார நெக்ஸான். ஒரு முழு சார்ஜுக்குக் கம்பெனிக் கணக்கில் 312 கிலோமீட்டர். ஏசி போட்டு நாலு பேர் உட்கார்ந்தால் 200 வரும். அந்த 200-ஐ நம்பி வாங்கினால் வருத்தமில்லை.

கரன்ட் பில்லைப் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை. யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் கிடைக்கிறது. மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 300 யூனிட் கூடும். ஏற்கெனவே 350 ஓடும் வீடு என்றால் 500-ஐத் தாண்டிவிடுவீர்கள். அதற்கு மேல் நம்ம ஈபியில் யூனிட் எட்டு ரூபாய், ஒன்பது ரூபாய் என்று ஏறும். அப்படியும் கிலோமீட்டருக்கு ஒன்றேகால் ரூபாய்தான். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்க்கு மேல், டவுனுக்குள் 14 கொடுக்கும் வண்டி என்றால் ஏழு ரூபாய். "கரன்ட் சும்மா மாதிரி" என்பவர்கள் பில்லைப் பார்க்காதவர்கள், அவ்வளவுதான்.

அப்புறம் ஊட்டி. மேட்டுப்பாளையம் தாண்டியதும் சதவீதம் கண்ணெதிரே இறங்கும். மலைக்கு மட்டும் பாதி சார்ஜ் போய்விட்டது. பின்சீட்டில் அம்மா ஒவ்வொரு வளைவிலும், "இன்னும் எவ்வளவுடா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். இறங்கும்போது நிலைமை தலைகீழ். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வண்டியைப் பிடித்துக்கொண்டு பேட்டரிக்கு கரன்ட் அனுப்பும். கீழே வந்தபோது கிளம்பியதைவிடப் பத்து சதவீதம் போலக் கூடியிருந்தது. ஒன்று மட்டும் கவனம்: ஊட்டியில் 100 வரை ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரி எதையும் வாங்கிக்கொள்ளாது, அந்தப் பிடிப்பு கிடைக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வர வேண்டும்.

அண்ணா நகர் மூணாவது மாடி
கோவை அண்ணா, உங்களுக்கு போர்ட்டிகோ இருக்கிறது, பேசுகிறீர்கள். எங்கள் அப்பார்ட்மென்டில் என் மீட்டரிலிருந்து பார்க்கிங்குக்கு ஒரு கேபிள் இழுக்க அனுமதி கேட்டேன். அசோசியேஷன் கூட்டத்தில் ஒருவர் "தீப்பிடித்தால் யார் பொறுப்பு?" என்றார். இன்னொருவர், "இவருக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள்" என்றார். பக்கத்திலேயே மூன்று பெட்ரோல் கார் டேங்க் நிறைய நின்றுகொண்டிருந்தன, அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. இன்னும் தீர்மானம் வரவில்லை.

இப்போது மால் சார்ஜரில்தான் பிழைப்பு. யூனிட் 20 ரூபாய், மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் ஆகிறது. காசுகூடப் பரவாயில்லை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். இரவில் வண்டி நிற்கும் இடத்தில் பிளக் இல்லாதவர்கள் பெட்ரோலிலேயே இருங்கள் என்பது என் கருத்து. திட்டுகிறவர்கள் திட்டலாம்.

நெல்லை டு சென்னை
என் மின்சார வண்டியில் பேட்டரி 40.5 கிலோவாட் அவர். மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் 300 கிலோமீட்டர் நெருங்கும். 110-ல் மிதித்தால் அந்த 300-ஐ மறந்துவிடுங்கள், காற்றோடு மல்லுக்கட்டியே சார்ஜ் தீரும். நாலுவழிச்சாலையில் முன்னைவிட எவ்வளவோ மேல், பெட்ரோல் பங்க்குகளிலும் ஓட்டல்களிலும் சார்ஜர் வந்துவிட்டது. இருந்தாலும் வழியில் இரண்டு தடவை நிற்காமல் சென்னை வராது. ஸ்விஃப்ட் ஒரு டேங்கில் வந்துவிடும்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ஆப்பில் பச்சை காட்டிய ஒரு ஓட்டல் சார்ஜரில் நின்றேன். யாரோ சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள், திரை செத்துக் கிடக்கிறது. பட்டனைத் திருகி விடுவித்ததும் உயிர் வந்தது. ஆனால் சார்ஜ் போடும் இடத்தில் ஒரு டீசல் இன்னோவா. வண்டிக்காரர் குடும்பத்தோடு உள்ளே நெய் ரோஸ்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போய்க் கேட்டதற்கு, "நிழலா இருந்துச்சு, போட்டேன் சார்" என்றார். அடுத்த சார்ஜர் வரை தாங்கும் அளவுக்கு எப்போதும் 25 சதவீதம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். பண்டிகை நாளில் என்னைக் கேட்டால் பஸ்ஸே மேல்.

திருச்சி ஒர்க்ஷாப்
இரண்டு வகை வண்டியும் வேலைக்கு வருகின்றன. மின்சார வண்டியில் இன்ஜின் ஆயில், கிளட்ச், ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட் என்று எங்களுக்குச் சோறு போட்ட எதுவுமே இல்லை. பிரேக் பேடுகூடச் சீக்கிரம் தேய்வதில்லை. டயர் மட்டும் தேயும், வண்டி கனம், இழுவையும் அதிகம்.

எல்லாரும் பெரிய பேட்டரியைப் பற்றியே கேட்கிறார்கள். அதற்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி இருக்கிறது. வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். பெரியதில் 90 சதவீதம் சார்ஜ் இருக்கும், சின்னது படுத்துவிட்டால் கதவுகூட ரிமோட்டில் திறக்காது. போன வாரம் ஒருவர் கல்யாண மண்டபத்து வாசலிலிருந்து போன் செய்தார், பட்டு வேட்டியோடு நிற்கிறார். பத்து நிமிஷ வேலை. மூன்று வருஷம் ஆனதும் அதைச் சோதித்துவிடுங்கள்.

ஈரோட்டுக்காரன்
எல்லாருக்கும் நன்றி. சொந்த வீடு, ஷெட் இருக்கிறது, தினம் போக வர 60 கிலோமீட்டர். சென்னைக்கு எப்படியும் ரயில்தான். வண்டி புக் செய்யும் முன் 15 ஆம்பியர் பாயின்ட் போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் போதுமா?

திருச்சி ஒர்க்ஷாப்
போதும். பழைய வீடு என்றால் முதலில் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் சரியில்லை என்றால் சார்ஜரில் சிவப்பு லைட் எரியும், ஏறவே ஏறாது. அதற்கு வண்டியைக் குறை சொல்லிக்கொண்டு இங்கே வருகிறவர்கள் நிறைய.