அவசரம்: வீணை றெக்கோட்டிங்குக்கு மலிவான மைக் பிரீஅம்ப் எது?

கோண்டாவிலான்
வணக்கம். தங்கச்சி வீணை வாசிக்கிறதை வீட்டிலை றெக்கோட் பண்ணி வெள்ளிக்கிழமைக்குள்ளை கனடாவிலை சித்திக்கு அனுப்பவேணும். சத்தம் காணாது. கெயின் திருகியை முழுசாத் திருப்பியும் முணுமுணுப்புத்தான். பிறகு லப்டொப்பிலை ஏத்தினால் வீணையை விட 'ஸ்ஸ்ஸ்' எண்ட இரைச்சல்தான் முன்னுக்கு வருது. மைக்கிலை வாற சின்னச் சிக்னலைப் பெருக்கிற பிரீஅம்ப் ஒண்டு வாங்கினால் சரிவரும் எண்டு ஒராள் சொன்னவர். முப்பதாயிரத்துக்குள்ளை எது நல்லம்? கெதியாச் சொல்லுங்கோ.

சுன்னாகம்_சுருதி
என்ன மைக்? எதுக்குள்ளாலை லப்டொப்புக்குப் போகுது? மைக்குக்கும் வீணைக்கும் எவ்வளவு தூரம்?

வால்வுப்பிரியன்
ஒண்டும் யோசியாதேங்கோ, ஆர்ட் டியூப் எம்பி எண்ட பிரீஅம்பை வாங்குங்கோ. உள்ளுக்கை 12ஏஎக்ஸ்7 வால்வு ஒண்டு கிடக்கு. வீணைக்கு அந்த வாம் சவுண்ட் இல்லாட்டில் தகரத்திலை தட்டின மாதிரித்தான் இருக்கும்.

டெசிபெல்
இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒருக்கா வருது. தேடிப் பாக்கிற பழக்கம் ஒருத்தருக்கும் இல்லை. தம்பி, மைக்கை லப்டொப்போடை இணைக்கிற யூஎஸ்பி இன்டர்பேஸ் பெட்டி வைச்சிருந்தால் பிரீஅம்ப் ஏற்கனவே அதுக்குள்ளை இருக்கு. பெட்டியிலை 'கெயின்' எண்டு ஒரு திருகி இருக்கெல்லோ, அது வேறை என்னத்துக்கு எண்டு நினைச்சீர்?

கோண்டாவிலான்
மைக் சாதாரண மைக்தான். கறுப்பு, தலையிலை வலை உருண்டை. கோயில் சவுண்ட் சேவிஸ்காரர் ஒருத்தர் பழசு எண்டு தந்தவர். பெட்டி பெரிங்கர் யூஎம்2. தூரம் ஒரு மூண்டடி இருக்கும், தங்கச்சிக்குக் கை தட்டுப்படக்கூடாது எண்டு தள்ளி வைச்சனான்.

சுன்னாகம்_சுருதி
மூண்டடியா! முதல் கிட்டக் கொண்டு போங்கோ. தூரம் பாதியானால் 6 டெசிபெல் சத்தம் கூடச் சும்மா கிடைக்கும், ஒரு சதமும் செலவில்லை. மூண்டடியை ஒரு அடியாக்கினால் ஒம்பதரை டெசிபெல். குடத்தின்ர மேல் பலகையைப் பாத்து, குதிரைக்குக் கொஞ்சம் பக்கவாட்டிலை வையுங்கோ. மீட்டுற விரலுக்கு நேரை வைச்சால் நகம் தந்தியிலை படுற 'டிக் டிக்'தான் பதியும். எங்கடை ரீச்சரின்ர வீணையை எடுக்கேக்கை எனக்கு அதுதான் நடந்தது. வர்ணம் முழுக்க ஆரோ தட்டச்சு அடிச்ச மாதிரி.

டெசிபெல்
அது டைனமிக் மைக். எஸ்எம்58 வகை எண்டு வைச்சாலும் 94 டெசிபெல் சத்தத்துக்கு 2 மில்லிவோல்ட்டும் தராது. வீணை அவ்வளவு சத்தம் போடுற வாத்தியமும் இல்லை. 20 டெசிபெல் குறைஞ்சால் வோல்ட்டும் பத்திலை ஒரு பங்காகும். அதே சத்தத்துக்கு ஏடி2020 மாதிரி கண்டென்சர் மைக் எண்டால் 14 மில்லிவோல்ட் தரும். கண்டென்சருக்குக் கறண்ட் வேணும், அதுக்கு யூஎம்2இலை 48 வோல்ட் பட்டன் இருக்கு. காசைக் கண்டென்சரிலை போடும். பிரீஅம்ப் கதையை விடும்.

மானிப்பாய்_மச்சான்
என்னட்டை ஒரு கண்டென்சர் மைக் சும்மா கிடக்கு. ஸ்டாண்டோடை தரலாம். உள்பெட்டியிலை கதையுங்கோ.

ஏர்த்_மாமா
வீட்டு ஏர்த்தைப் பாத்தீங்களோ? எங்கடை பக்கம் பழைய வீடுகளிலை அரைவாசிக்கு ஏர்த் கம்பி பேருக்குத்தான். சாஜரைக் கழட்டிப்போட்டு பற்றரியிலை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. இரைச்சல் போனால் நான் சொன்னதுதான்.

கோண்டாவிலான்
கழட்டிப் பாத்தன் மாமா. ஒரு 'ங்ங்' சத்தம் போச்சு. 'ஸ்ஸ்' அப்பிடியே கிடக்கு.

வால்வுப்பிரியன்
வால்வு போட்டால் அந்த 'ஸ்ஸ்' காதைக் குத்தாது.

டெசிபெல்
வால்வு இரைச்சலைக் குறைக்கும் எண்டு எந்தப் பள்ளிக்கூடத்திலை படிச்சனீர்? முதல் கட்டத்திலை சிக்னலோடை கலந்த இரைச்சலைப் பிறகு என்ன போட்டாலும் பிரிக்கேலாது. சேர்த்துத்தான் பெருக்கும்.

வால்வுப்பிரியன்
அப்பு வீட்டிலை வால்வு றேடியோவிலை இலங்கை வானொலி கேட்ட காது இது. உம்மடை எண்களை நீரே வைச்சிரும்.

பனங்கொட்டை
வால்வு றேடியோ கேட்டனீங்கள் குடுத்துவைச்சனீங்கள். தொண்ணூறுகளிலை கறண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையாலை சுத்தி, டைனமோவிலை செய்தி கேட்ட சனம் நாங்கள். சுத்துறவன் களைச்சால் வாசிக்கிறவரும் களைச்சிடுவார்.

சுன்னாகம்_சுருதி
ஹாஹா. ஆனால் உண்மையிலை டைனமிக் மைக்கும் அந்த டைனமோவும் ஒரே சாதிதான். காந்தமும் கம்பிச்சுருளும். ஒண்டிலை சில்லு சுத்துது, மற்றதிலை சத்தம் சவ்வைத் தள்ளுது. வெளியிலை இருந்து கறண்ட் தேவையில்லை, அதாலைதான் வாறதும் சொற்பம்.

ஏர்த்_மாமா
டைனமோவிலை வாறது ஏசி. டயோட் போட்டு டிசி ஆக்காமல் றேடியோவுக்குக் குடுத்தால் வேலை செய்யாது. பனங்கொட்டை கதை விடுறார்.

பனங்கொட்டை
எங்கடை வீட்டிலை ஓடினது. டயோட்டும் இல்லை மயிலும் இல்லை.

ஏர்த்_மாமா
ஆரோ உங்களுக்குத் தெரியாமல் உள்ளுக்கை பொருத்தித் தந்திருப்பினம். நானே எத்தினை பேருக்குப் பொருத்திக் குடுத்தனான்.

பழைய_சவுண்ட்காரன்
டைனமோவைப் பிறகு பாப்பம். தம்பி கோண்டாவிலான், மைக் வயரின்ர மற்றத் தலைப்பு எப்பிடி இருக்கு? மூண்டு முள்ளு இருக்கிற கெனனோ, இல்லாட்டில் கிற்றாருக்குக் குத்துற பெரிய ஜெக்கோ? பெட்டியிலை எந்த ஓட்டையிலை குத்தினனீர்?

கோண்டாவிலான்
பெரிய ஜெக் அண்ணை. மைக்கோடை தந்த வயர்தான். 2ஆம் ஓட்டை. அதிலை 'இன்ஸ்ட்' எண்டு போட்டிருந்தது. வீணை இன்ஸ்ட்ருமென்ட்தானே எண்டு அதிலை குத்தினன்.

பழைய_சவுண்ட்காரன்
அங்கைதான் பிழை. தம்பியிலை குற்றமில்லை, பெயர் அப்பிடி. அந்த ஓட்டை எலெக்ட்ரிக் கிற்றார் மாதிரிப் பிக்கப் (தந்தி அதிர்வைச் சிக்னலாக்கிற கருவி) பூட்டின வாத்தியத்தை நேரை குத்திறதுக்கு. மைக்குக்குரிய பிரீஅம்ப் 1ஆம் ஓட்டையிலை, அதுவும் கெனன் குத்தினால்தான். நீங்கள் இவ்வளவு நாளும் பிரீஅம்பைத் தொடவே இல்லை. அது பெட்டிக்குள்ளை நித்திரை.
மலிவு மைக்குகளோடை வாற வயரிலை ஒரு பக்கம் கெனன், மற்றப் பக்கம் பெரிய ஜெக். கரோக்கி அம்புக்கு அது போதும். கெனனிலை சிக்னல் ரெண்டு கம்பியிலை எதிரும் புதிருமா வரும், வழியிலை ஒட்டின சத்தத்தைப் பெட்டி கழிச்சுவிடும். ஜெக் வயரிலை அந்தக் கழிவு இல்லை. மாமா பிடிச்ச 'ங்ங்'உம் அதாலை வந்திருக்கலாம்.
கெனன்–கெனன் வயர் ஒண்டு வாங்கும். டைனமிக்குக்கு 48 வோல்ட் வேண்டாம், அந்தப் பட்டனை நிப்பாட்டி வையும். மைக்கை ஒரு அடிக்குக் கொண்டுவாரும். அதுக்குப் பிறகும் காணாட்டில் பிரீஅம்ப் கதைப்பம்.

டெசிபெல்
நானும் அதைத்தான் சொல்ல வந்தனான், பிரீஅம்ப் உள்ளுக்கை இருக்கு எண்டு. ஆனாலும் கண்டென்சர்தான் சரி.

பழைய_சவுண்ட்காரன்
மூடின அறை எண்டால் சரி. சுவரைச் சுத்தி வேப்பமரமும் காகமும் பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டரும் இருக்கிற இடத்திலை கண்டென்சர் எல்லாத்தையும் அள்ளிக் கொண்டுவரும். டைனமிக்கைக் கிட்ட வைச்சால் வீணைதான் முன்னுக்கு நிக்கும்.

மானிப்பாய்_மச்சான்
மைக் இன்னும் இருக்கு. விலை பேசலாம்.

கோண்டாவிலான்
வயர் மாத்தினன், 1ஆம் ஓட்டை. கெயின் முக்கால்வாசியிலை நிக்குது. ஃபானை நிப்பாட்டினால் 'ஸ்ஸ்' தேடித்தான் பிடிக்கவேணும். அனுப்பியாச்சு, நன்றி அண்ணை. ரெண்டாவது கீர்த்தனையிலை பாண் விக்கிற ஓட்டோவின்ர பாட்டும் விழுந்திட்டுது, திருப்பி வாசிக்கச் சொன்னன், தங்கச்சி மாட்டன் எண்டிட்டா.

பனங்கொட்டை
மாமா, நேற்று அண்ணையிட்டை லண்டனுக்கு எடுத்துக் கேட்டன். டயோட் இருந்ததாம். நாலு.

ஏர்த்_மாமா
ஏசியை டிசி ஆக்கிற பிறிட்ஜ் கட்டு. சொன்னனான்.