பிஸ்பி அசுரைட்: புளி போட்டுக் கழுவலாமா?

சாண்ட்லர்வாசி கேட்டது:

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவைப் போன வாரம் அரிசோனாவில் இருக்கும் பிஸ்பிக்கு அழைத்துப் போனேன். காப்பர் குவீன் என்ற பழைய செம்புச் சுரங்கத்துக்குள் ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு, வெளியே ஒரு கடையில் உள்ளங்கை அளவு அசுரைட் வாங்கினோம், செம்பு கலந்த நீலக் கல். ஆழ்ந்த நீலம், ஓரமெல்லாம் பச்சை, இடுக்கில் மஞ்சளாக இரண்டு மூன்று புள்ளிகள். "செம்புதானே, புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும்" என்கிறார் அம்மா. செய்யலாமா? அந்த மஞ்சள் தங்கமா?

கல்பெட்டி:

தயவுசெய்து புளி வேண்டாம் தம்பி! செம்புக் குடத்தில் பச்சையாகக் களிம்பு ஏறுமே, உங்கள் கல்லின் ஓரத்துப் பச்சையும் ஏறக்குறைய அதே பொருள்தான். அதற்குப் பெயர் மலக்கைட். நீலமும் அதன் உடன்பிறப்பு. இரண்டுமே செம்புக் கார்பனேட். குடத்தில் புளி களிம்பைத் தின்றுவிடும், அடியில் செம்பு மிஞ்சும். இங்கே கல்லே களிம்பு. எதை மிச்சம் வைக்கும்?

பல வருடம் முன்னால் வெல்வெட் போலிருந்த ஒரு மலக்கைட்டை நான் எலுமிச்சைச் சாற்றில் நனைத்தேன். மினுமினுப்பு போனது போனதுதான். இன்றைக்கும் அந்தத் துண்டைப் பார்த்தால் மனசு வலிக்கும்.

மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். அசுரைட்டின் கடினம், கற்களுக்கான மோஸ் அளவில், பத்துக்கு 3.5 முதல் 4 வரைதான், எளிதில் கீறல் விழும். வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம். ஓரம் பச்சையாவதற்குப் பயப்பட வேண்டாம், அது நிலத்துக்குள்ளேயே நடந்த மாற்றம். நீலப் படிகத்தின் வடிவம் மாறாமல் முழுக்க மலக்கைட்டாக ஆன கற்களைத் தேடி வாங்குபவர்களும் உண்டு.

மஞ்சள் மங்கலாக, மண் போல இருந்தால் இரும்புத் துரு வகை. இந்த மாதிரிக் கல்லில் அதுதான் வழக்கம். பிஸ்பியில் சுமார் 28 லட்சம் அவுன்ஸ் தங்கம் எடுத்தார்கள், உண்மை. ஆனால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் தாதுவோடு கலந்திருந்து, செம்பைச் சுத்திகரிக்கும்போது கிடைத்தது.

பழையலேபிள்:

கல்பெட்டி அண்ணா சொன்னதோடு ஒன்று. கடை ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிஸ்பியில் நிலத்தடி வேலை 1975-இல் நின்றது. நல்ல துண்டுகள் பலவும் அன்றைய தொழிலாளிகள் சாப்பாட்டு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தவை. மொராக்கோவின் துயிசித், மெக்சிகோவின் மில்பியாஸ் அசுரைட்டும் சந்தையில் நிறைய. கல்லை மட்டும் பார்த்து ஊர் சொல்வது கஷ்டம். வீடு மாறும்போது என் நான்கு துண்டுகளின் ஊர் எழுதிய சீட்டுகள் தொலைந்தன. இப்போது அவை அழகான, ஊர் தெரியாத கற்கள்.

சாண்ட்லர்வாசி:

இருவருக்கும் நன்றி. மஞ்சள் மங்கல்தான், மண் நிறம். களிம்பு என்றதும் அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது, கரைத்த புளியை ரசத்துக்கு எடுத்துக்கொண்டார். ரசீதில் ஊர்ப் பெயர் இல்லை. கடைக்கு போன் செய்து எந்தச் சுரங்கம் என்று கேட்டு எழுதி வைக்கிறேன்.

பழையலேபிள்:

வாங்கிய தேதியையும் சேர்த்து எழுதுங்கள். பென்சிலில், மை மங்கிவிடும்.