பெண் வேஷம், ஆண் வேஷம்: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

ஏரிக்கரையான்
செய்யாறு பக்கம், திரௌபதி அம்மன் கோயில் பாரதக்கூத்து, மகாபாரதக் கதையை ராத்திரி முழுக்க ஆடும் தெருக்கூத்து. பாஞ்சாலியைத் துகிலுரியும் ராத்திரி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். துச்சாதனன் வேஷம் கட்டியவர் சேலையில் கை வைக்கும் முன் ஆட்டத்தை நிறுத்தி, பாஞ்சாலிக்குக் கற்பூரம் ஏற்றி விழுந்து கும்பிட்டார். அது வழக்கம்தான். எனக்கு மறக்காதது விடிந்த பிறகு நடந்தது. பாஞ்சாலி கட்டியவர் சவுரியைக் கழற்றிப் போட்டுவிட்டு, தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தை வழித்துக்கொண்டிருக்கிறார். லுங்கி, வெற்றுடம்பு, வாயில் பீடி. மீசை மழித்த இடம் பச்சையாகத் தெரிகிறது. ஒரு பாட்டி பேரக்குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் கிடத்தி, "துன்னூறு வெச்சி வுடு தாயே" என்றாள். அவர் பீடியைத் தரையில் தேய்த்துவிட்டுப் பேசாமல் வைத்துவிட்டார். பாட்டிக்கு ஒரு குழப்பமும் இல்லை. எனக்குத்தான்.

மதுரைக்காரி
ஆம்பளை சேலை கட்டினால் மட்டும்தான் அனுபவமா? கே.பி. சுந்தராம்பாள் 1935இல் படத்திலேயே நந்தனாராக வந்தார். 'சாவித்திரி' படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி நாரதர். எங்கள் பெரியம்மா ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட், அதாவது கதாநாயகன் வேஷம். வள்ளி திருமணம், பாட்டும் பேச்சுமாக நடக்கும் தர்க்கம் சூடாகப் போகிற நேரம், முன்வரிசையில் ஒருத்தன் "ஒட்டு மீசைக்கு இம்புட்டுத் திமிரா" என்று கத்தினான். பெரியம்மா அந்த மீசையை முறுக்கிக்கொண்டே ஆர்மோனியக்காரரிடம் சுருதியை அரைக்கட்டை ஏற்றச் சொன்னார். அப்புறம் எடுத்தார் பாருங்கள் ஒரு விருத்தம்! முதலில் கைதட்டினது கத்தினவன்தான்.

மேடைக்கிறுக்கன்
என்னுடையது சின்னது. கல்லூரி நாடகத்தில் அம்மா வேஷம். ஒத்திகை முடிந்து சேலையோடு பாத்ரூம் போனேன். "அம்மா, அது ஜென்ட்ஸ்" என்று வாட்ச்மேன் தடுத்தார். அவ்வளவுதான்.

ஆனால் புதிதாகக் கட்டப் போகிறவர்களுக்குச் சிலது சொல்ல வேண்டும். குரலைக் கீச்சென்று ஆக்காதீர்கள், சிரிப்புதான் வரும். வேகத்தைக் குறைத்து மெதுவாகப் பேசினாலே போதும். மழித்த உடனே மேக்கப் போட்டால் எரியும், கொஞ்ச நேரம் விடுங்கள். தாடைப் பச்சை மறைய முதலில் ஆரஞ்சு நிறம், அதன் மேல் ஃபவுண்டேஷன். பாவாடை நாடாவை நன்றாக இறுக்குங்கள், இல்லாவிட்டால் கொசுவம் மேடையிலேயே அவிழும். ஒத்திகை முழுக்கச் சேலையில் நடந்து பழகுங்கள். நிமிடத்துக்கு ஒரு தரம் மாராப்பை இழுத்துவிட்டால் எந்தப் பெண்ணும் நம்ப மாட்டாள்.

ஏரிக்கரையான் சார், வேஷம் முழுதாகக் கலையும் முன் பீடி பிடிப்பதெல்லாம் ஒழுங்கில்லை. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபை என்ற நாடக சபையில், படித்தவர்கள், உத்தியோகம் பார்த்தவர்கள் எல்லாம் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேஷம், கட்டினார்கள். அதற்கென்று ஒரு மரியாதை இருந்தது.

ஏரிக்கரையான்
ராத்திரி முழுக்க ஆடிவிட்டு ஒரு பீடி பிடித்தால் உங்களுக்கு என்ன போச்சு? உங்கள் சபைக்காரர்கள் காலில் எந்தப் பாட்டியும் விழுந்திருக்க மாட்டாள்.

செண்பகம்
நான் திருநங்கை. திருநங்கைகளின் ஜமாவில் சேரும் முன் கூத்தில் இருந்தேன். சேலை கட்ட அப்போது எனக்கு வேறு வழி கிடையாது. திரைக்குப் பின்னால் சலங்கையோடு நிற்கும்போது இருந்த நிம்மதி வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை.

ஒருமுறை வேஷம் கலைக்க நேரமில்லாமல் அப்படியே விடியற்காலை பஸ் ஏறிவிட்டேன். ராத்திரி மேடையேறி என் மாராப்பில் ரூபாய் நோட்டு குத்தின ஒருத்தரும் உள்ளே இருந்தார். அவர் பக்கத்தில் இடம் காலி. உட்காரப் போனேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து சீட்டில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நின்றுகொண்டே வந்தேன். அவர் குத்தின நோட்டைக் கொடுத்துத்தான் டிக்கெட் எடுத்தேன்.

மேடைக்கிறுக்கன்
நோட்டை மாராப்பில் குத்தவே விடாதீர்கள் அக்கா. ஊக்கு இழுத்தால் சேலை கிழியும். கையில் வாங்கிக்கொள்வதுதான் நல்லது.

மதுரைக்காரி
தம்பி, அவங்க என்ன சொல்றாங்கன்னு இன்னொரு தடவை படிங்க.