பாதிப் பேர் அலுவலகத்தில், பாதிப் பேர் தொலைவில்: நிர்வாகியாக நான் எங்கே தவறுகிறேன்?

கேள்வி: நொய்யல்கரை

வணக்கம். கோவையில் இயங்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் கடந்த ஆண்டு முதல் செயல்பாட்டுத் தலைவராகப் பொறுப்பில் இருக்கிறேன். பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்கான இருப்புக் கணக்கு மென்பொருள் எங்கள் தயாரிப்பு. மொத்தம் 84 பேர். அவர்களில் 45 பேர் கோவை அலுவலகத்துக்கு வருகிறார்கள். 24 பேர் மதுரை, நாகர்கோவில், தென்காசி என்று தத்தம் ஊர்களில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். ஹாம்பர்க்கில் 9 பேரும் டொரன்டோவில் 6 பேரும் இருக்கிறார்கள்.

பொறுப்பேற்றவுடன் காலை 10 மணிக்கு அனைவரும் கலந்துகொள்ளும் காணொளிக் கூட்டம், மாலையில் ஒவ்வொருவரும் அனுப்ப வேண்டிய வேலை அறிக்கை, கணினித் திரையை அவ்வப்போது படமெடுக்கும் ஒரு மென்பொருள் ஆகிய மூன்றையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தேன். இவ்வளவு செய்தும் சென்ற காலாண்டில் ஒரு வெளியீடு மூன்று வாரம் தள்ளிப்போனது. காரணத்தைத் தேடிப் பார்த்தபோது, எந்த வசதியை முதலில் முடிப்பது என்பதை நானும் இரண்டு மேலாளர்களும் கேன்டீனில் தேநீர் குடித்துக்கொண்டே மாற்றியிருந்தோம் என்பதும், அந்தச் செய்தி டொரன்டோ குழுவுக்குப் பதினொரு நாள் கழித்தே போய்ச் சேர்ந்தது என்பதும் தெரியவந்தன. அதற்குள் அனுபவம் மிக்க இருவர் விலகிவிட்டார்கள்.

எல்லோரையும் அலுவலகத்துக்கே அழைத்துவிடலாம் என்கிறார் எங்கள் நிறுவனர். அடுத்த மாத இயக்குநர் குழுக் கூட்டத்தில் நான் பதில் சொல்லியாக வேண்டும். கண்ணில் படாதவர்களின் வேலை நடக்கிறதா என்பதை ஒரு நிர்வாகி எப்படி அறிவது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: ஏழுகடல்

அந்தப் பதினொரு நாளைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். அது டொரன்டோவில் இருந்தவர்களின் குறையன்று. முடிவு பிறந்த இடத்தின் குறை. கூட்டம், அறிக்கை, திரையைப் படமெடுத்தல் ஆகிய உங்கள் மூன்று ஏற்பாடுகளும் செய்தியைக் கீழிருந்து மேலே கொண்டுவருபவை. மேலே நடப்பதைக் கீழே கொண்டுபோவதற்கு ஓர் ஏற்பாடுகூட இல்லை.

முழுக்கத் தொலைவிலேயே இயங்கும் நிறுவனத்தைவிட உங்களுடையதைப் போன்ற பாதிக்குப் பாதி நிறுவனத்தை நடத்துவது கடினம் என்பது என் அனுபவம். கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்துக்கு அலுவலகமே கிடையாது. அப்படியே வளர்ந்து 2021-இல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்டது. அங்கே கேன்டீன் இல்லாததால் கேன்டீன் முடிவுகளும் இல்லை; நடைமுறைகள் எல்லாம் எவரும் படிக்கக்கூடிய பொதுக் கையேட்டில் இருக்கின்றன. உங்களிடம் கேன்டீன் இருக்கிறது, ஆகவே கட்டுப்பாட்டை நீங்களாகவே விதித்துக்கொள்ள வேண்டும். நான் பொறுப்பிலிருந்த இடத்தில் விதித்த விதி இது: பேச்சு எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம், ஆனால் எழுதிப் பொதுவில் வைக்கும்வரை அது முடிவாகாது. என்ன மாறுகிறது, ஏன், முடிவெடுப்பவர் யார், மறுப்பு இருந்தால் எப்போதுக்குள் சொல்ல வேண்டும் என்று நான்கு வரி போதும். முதல் இரண்டு மாதங்கள் அந்த நான்கு வரியை நிர்வாகியே தம் கையால் எழுத வேண்டும். உதவியாளரிடம் ஒப்படைத்தால் மேலாளர்கள் எவரும் அதைப் பொருட்படுத்தமாட்டார்கள்.

இன்னொன்று, கூட்டத்தில் ஒருவர் திரை வழியே கலந்துகொண்டாலும் மற்ற அனைவரும் தத்தம் இருக்கையிலிருந்து தனித்தனித் திரையில்தான் கலந்துகொள்ள வேண்டும். ஓர் அறையில் எட்டுப் பேர் கூடிச் சிரிக்க, மூலையிலுள்ள ஒலிபெருக்கியில் ஒருவர் “கேட்கவில்லை” என்று சொல்லிக்கொண்டிருப்பது கூட்டமாகாது.

வேலை நடக்கிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். திரையைப் படமெடுக்கும் மென்பொருளை இன்றே நீக்கிவிடுங்கள். மவுஸை அசைத்துக்கொண்டே இருக்கத்தான் அது மனிதர்களைப் பழக்குகிறது. தவறை மறைக்கவும் பழக்குகிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஏறத்தாழ 6 மணி நேரத் தரவு மீட்க முடியாமல் போனது. அந்நிறுவனம் மீட்புப் பணியின் குறிப்புகளைப் பொது ஆவணமாகத் திறந்துவைத்ததோடு யூடியூபில் நேரலையாகவும் காட்டியது. அடுத்த தவறு நேரும்போது உங்கள் நாகர்கோவில் பொறியாளர் அன்றே உங்களிடம் சொல்வாரா என்பதை நீங்கள் காட்டும் முதல் எதிர்வினையே தீர்மானிக்கும். நான் வாரந்தோறும் பார்ப்பது இரண்டே கணக்குகள்: ஒத்துக்கொண்ட வேலைகளில் முடிந்தவை எத்தனை, ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் வர எத்தனை மணி நேரமாயிற்று. இரண்டாவது நீண்டால் பெரும்பாலும் அடைப்பு என் மேசையில்தான் இருந்திருக்கிறது.

இயக்குநர் குழுவிடம் காட்டச் சான்று வேண்டுமென்றால் சீனாவின் சிட்ரிப் என்ற பயண முன்பதிவு நிறுவனத்தின் சோதனைகளைக் காட்டுங்கள். அதன் இணை நிறுவனர் ஜேம்ஸ் லியாங், ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமுடன் சேர்ந்து, ஷாங்காயிலுள்ள தம் அழைப்பு மையத்தையே சோதனைக் களமாக்கினார். வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் செயல்திறன் 13 விழுக்காடு கூடியது. ஆனால் செயல்திறன் சமமாக இருந்தபோது அவர்களுக்குப் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு குறைந்தது. தனிமையைத் தாங்காமல் கணிசமானோர் அலுவலகத்துக்கே திரும்பவும் விரும்பினார்கள். டிரிப்.காம் என்று பெயர் மாறிய அதே நிறுவனத்தில் 1,612 பேரைக் கொண்டு நடந்த அடுத்த சோதனையின் முடிவு 2024-இல் வெளியானது: வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யவிட்டதால் செயல்திறனில் வேறுபாடு எதுவும் ஏற்படவில்லை, விலகல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உங்கள் கடைசி இரண்டு பதவி உயர்வுப் பட்டியல்களை எடுத்து, கோவைக்கு வெளியே இருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். விலகிய இருவர் அதை உங்களுக்கு முன்பே எண்ணியிருக்கக்கூடும்.

மறுமொழி: பொதிகைச்சாரல்

ஏழுகடல் அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் “எழுதுங்கள்” என்பது சொல்லும் அளவுக்கு எளிதன்று. தென்காசிப் பக்கம் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவை நான் நடத்துகிறேன். கணினி நிரல் எழுதக் கூசாத என் பிள்ளைகள் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுத அரை நாள் தயங்குகிறார்கள், இலக்கணப் பிழை தலைமை அலுவலகத்தின் கண்ணில் படுமே என்று. தமிழில் எழுதலாம், குரல் பதிவாகவும் அனுப்பலாம், அதை மேலாளர் எழுத்தாக்கி வைப்பார் என்று சொன்ன பிறகுதான் அவர்களிடமிருந்து மறுப்பு என்ற ஒன்றே வரத் தொடங்கியது.

மறுப்பைப் பற்றி இன்னொரு சொல். “வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?” என்று மேலதிகாரி கேட்டால் நம் ஊர்ப் பக்கம் “சரிங்க சார்” என்ற ஒரே விடைதான் வரும். நேரில் என்றால் அந்தச் “சரி”யில் இருக்கும் தயக்கத்தை முகத்தில் பார்த்துவிடலாம். அரட்டைச் செயலியில் அது வெறும் கட்டைவிரல் குறி. ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்கப் பழகினேன்: “வெள்ளிக்கிழமைக்குள் முடிய எது தடையாக இருக்கும்?” இதற்குச் “சரிங்க சார்” என்று பதில் சொல்ல முடியாது.

மேலும், வீடு அல்லது தலைமை அலுவலகம் என்ற இரண்டே வழிதான் உண்டு என்று உங்கள் நிறுவனர் எண்ணுவதாகத் தோன்றுகிறது. சோஹோ மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தென்காசி அருகே மத்தளம்பாறையில் குடியேறி அங்கிருந்தே நிறுவனத்தை நடத்தினார். சிற்றூர்களில் சிறு அலுவலகங்களும் திறக்கப்பட்டன. தனியறை இல்லாத வீட்டில், மின்வெட்டுக்கிடையே வேலை செய்பவருக்குப் பத்து இருக்கைகளும் ஜெனரேட்டரும் உள்ள ஒரு வாடகை மாடி பெரிய உதவி. தெற்கில் அப்படி ஒன்றை முயன்று பாருங்கள். மாதம் ஒருமுறை நீங்களே அங்கே வந்து இரண்டு நாள் உட்கார்ந்து வேலை பாருங்கள், ஆய்வுக்கு வந்த அதிகாரியைப் போலன்று.

மறுமொழி: ஒன்டாரியோவாசி

நான் நிர்வாகி அல்லேன். டொரன்டோவில் இதே போன்ற அமைப்பின் மறுமுனையில் இருந்தவள். உங்கள் காலை 10 மணிக் கூட்டம் எங்களுக்குக் குளிர்காலத்தில் இரவு 11.30, கோடையில் நள்ளிரவு கடந்து 12.30. அந்நேரத்தில் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுக் காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு “நான் இருக்கிறேன்” என்று சொல்வதற்கு மட்டும் நான் இரண்டு ஆண்டுகள் விழித்திருந்தேன். நான் அந்த வேலையிலிருந்து விலகியதற்கு ஊதியம் காரணமன்று.

மூன்று ஊருக்கும் பொருந்தும் நேரம் ஒரு சிறு இடுக்குதான். கோடையில் கோவை மாலை 6.30 என்றால் ஹாம்பர்க் பிற்பகல் 3, டொரன்டோ காலை 9. குளிர்காலத்தில் அதையே இரவு 7.30 ஆக்க வேண்டும். டொரன்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு அன்றும் ஜெர்மனியில் அம்மாதக் கடைசி ஞாயிறு அன்றும் கடிகாரத்தை மாற்றுவதால், இடைப்பட்ட வாரங்களில் இந்தக் கணக்கும் பிசகும். நாட்காட்டியில் இப்போதே குறித்துவையுங்கள். வாரம் இருமுறைக்கு மேல் அந்த நேரத்தைத் தொடாதீர்கள், ஏனெனில் கோவைக்காரர்களின் இரவு உணவும் அதில்தான் இருக்கிறது. மற்றவை எழுத்தில் வரட்டும்.

நொய்யல்கரை

அனைவருக்கும் நன்றி. பதவி உயர்வுப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். இரண்டு ஆண்டுகளில் உயர்வு பெற்ற 13 பேரில் கோவைக்கு வெளியே இருப்பவர் ஒருவர். அவரும் உயர்வுக்குப் பிறகே மதுரைக்குப் போனவர். இயக்குநர் குழுவின் முன் முதல் தாளாக இதைத்தான் வைக்கப் போகிறேன். திரையைப் படமெடுக்கும் மென்பொருளை நிறுத்தியாயிற்று. ஓர் ஐயம் மட்டும் இருக்கிறது: வாடிக்கையாளரின் சர்வர் நின்றுபோன நேரத்தில் நான்கு வரி எழுதி மறுப்புக்குக் காத்திருக்க முடியுமா?

ஏழுகடல்

காத்திருக்க வேண்டாம். தீப்பிடித்தால் அருகில் இருப்பவர் அணைக்கட்டும். அதற்கான அதிகாரத்தை அந்த வாரப் பணிமுறையில் இருப்பவருக்கு, அவர் எந்த ஊரில் இருந்தாலும், முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். என்ன செய்தோம் என்பதை அன்றிரவே அவர் எழுதிவைக்க வேண்டும். அவசரம் என்ற பெயரில் மாதத்தில் எத்தனை முடிவுகள் எடுக்கப்படுகின்றன என்று எண்ணி வாருங்கள். கேன்டீன் மறுபடியும் திறந்துவிட்டதா என்பது அந்த எண்ணிக்கையில் தெரிந்துவிடும்.