பாட்டியின் ரோமக் கோட்டு, பார்த்துச் சொல்லுங்களேன்

வணக்கம், நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பாட்டி தோட்டத்துப் பங்களாவில் ஆயாவாக இருந்தவர், துரைசாணி ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன ரோமக் கோட்டு இப்போதுதான் தகரப் பெட்டியிலிருந்து வெளியே வந்தது. அடர் பழுப்பு. ஊதிப் பார்த்தால் நீள முடிக்கு அடியில் பஞ்சு மாதிரி குட்டை முடி தெரிகிறது. உள்துணியில் சிசி41 முத்திரை, பிரிட்டனில் 1941 முதல் 1952 வரை சிக்கன உடுப்புகளுக்குப் போட்டது, அதனால் மிங்க் என்கிற விலை உயர்ந்த ரோமமாக இருக்காது, சாயம் போட்ட முயல் தோல் என்றே எனக்குப் படுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், படம் போடுகிறேன்.

அப்புறம், இந்தப் புழுக்கத்தில் எப்படி வைப்பது? பிளாஸ்டிக் பை கூடாது, அந்துருண்டை வாடை போகாது என்பது தெரியும், பருத்தித் துணி உறையில் அகலமான ஹேங்கரில் மாட்டியிருக்கிறேன். ஏர்கோன் அறை இரவில் மட்டும் குளிர்ந்தால் போதுமா? தோள்பக்கம் தோல் லேசாக வெடிக்கிறது, பாட்டி பொத்திப் பொத்தி வைத்தது, ஈப்போ பக்கம் பழுது பார்ப்பவர் யாராவது இருக்கிறார்களா?